எனக்குக் குறைகிறாய்

செவ்வாய்தோறும் வேலை முடிந்து
பிராஸ் பாசாவில் நான்காம் மாடியில்
இத்தாலியம் படிக்கிறேன்.
ஏன் என்று கேட்பவர்களுக்கு
இன்னும் பதில் தயாரிக்கவில்லை.
ஏர்கான் சொட்டும் அறை, ஏழு பேர், ஒரு வெண்பலகை.

அன்று ஒர்னெல்லா எழுதிய வினை: மன்காரே.
குறைவது. இல்லாதிருப்பது. பற்றாமல் போவது.
மூன்றுக்குக் கால் மணி குறைகிறது என்றால்
இரண்டே முக்கால்.
மயங்கி விழப்போகிறவரும் இதையே சொல்வாராம்,
தான் தனக்கே குறைவதுபோல.

பிறகு, மி மன்கி.
பக்கத்து நாற்காலி ஹுய் ஷான்
"நான் உன்னை" என்று தொடங்கினாள்.
இல்லை, என்றார் ஒர்னெல்லா.
ஏங்குகிறவர் இங்கே எழுவாய் இல்லை.
எனக்கு நீ குறைகிறாய்.

சிரித்துவிட்டேன்.
எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது,
எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும்:
ஒரு 'கு'வைக் கையில் வைத்துக்கொண்டு
பாதி வாழ்க்கையை
எதுவும் செய்யாமலே படுகிற மொழிக்காரி நான்.
எனக்கா இது புதிது?

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் குறைந்தபோது
போகிற போக்கில் வேரைச் சொன்னார்.
லத்தீனில் மன்குஸ்: கை ஊனமானவன்.
அதற்குள்ளே மானுஸ்: கை.

பேனாவை மூடினேன்.

என் பிழைப்பு கைகளோடு.
மருத்துவமனையில் இரண்டாம் தளம்,
துவாஸிலிருந்தும் பெஞ்சுருவிலிருந்தும்
துணி சுற்றிக்கொண்டு வருகிற கைகள்.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
எத்தனை விரல் இல்லை என்று.

புதன் காலை ஆவுடையப்பன்.
வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும்
தகடு வெட்டும் எந்திரத்தோடு போயின.
பச்சை மாவுருண்டையைப் பிசையச் சொன்னேன்.
மூன்று விரல் பிசைந்தது.

"வீட்டுல இன்னும் தெரியாது மேடம்.
வீடியோ பேசும்போது
இந்தக் கையாலதான் போனப் பிடிச்சுக்குவேன்.
பிடிக்கிற கை படத்துல வராதுல்ல."

கொஞ்சம் பொறுத்து,
குரலைத் தாழ்த்தி, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்பவர்போல:
"போன விரலு அரிக்குது.
எங்க சொறியிறது?"

அரிக்கிறது. எது? விரல்.
இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

கண்ணாடிப் பெட்டியை எடுத்துவந்தேன்.
வலது கையை உள்ளே மறைத்து
இடது கையைக் கண்ணாடிமுன் வைத்தேன்.
அதன் சுண்டு விரலை என் நகத்தால் மெல்லச் சொறிந்தேன்.
கண்ணாடிக்குள் அவர் வலது கைக்கு
ஐந்து விரல்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.
"ஆங். அங்கதான்."