மறுபடி படி

டுலூத்தில், சலவைக்கடையின் மேல்மாடி.
மாதம் நூற்றுப்பத்து டாலர், வெந்நீர் கிடையாது.
கீழே பன்னிரண்டு உலர்த்திகள்.
சனிக்கிழமை காலை அத்தனையும் சுழலும்;
தரை அதிரும், மேசை அதிரும்,
எட்டங்குல வட்டைத் தடவும் முனை
தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துபோகும்.

தோரா நைகார்ட் யாரையும் திட்டவில்லை.
தம்பியின் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு
மஞ்சள் தாளில் ஒன்பது வரி எழுதினாள்.
படி.
தவறினால், மறுபடி படி.
பத்து முறை தவறினால் மட்டும்
மனிதனிடம் சொல்.

எழுபத்தெட்டு, பிப்ரவரி.
ஏரி கண்ணெட்டும் தூரம் உறைந்து கிடந்தது.
நான் கீழே நின்று, எந்த உலர்த்தி அதிகம் குதிக்கிறது
என்று பார்த்துச் சொன்னேன்.
நான்காம் எண். அதற்கு ஒரு கால் குட்டை.
அந்த இயங்குதளத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவே.

மற்றபடி நான் உறை ஒட்டுகிறவன்.
நெப்ராஸ்காவில் ஒரு பல் வைத்தியருக்கு,
ஹாலிஃபாக்ஸில் மீன் கம்பெனிக்கு,
முகவரியே புரியாத ஒரு பாதிரியாருக்கு
அட்டைக்குள் வட்டை வைத்து அனுப்பினேன்.
நாக்கில் எப்போதும் தபால்தலைப் பசை.

மொத்தமும் ஆறு கிலோபைட்டுக்குள் அடங்கியது.
ஒருமுறை நாற்பது பைட்டை மிச்சம் பிடிக்க
மூன்று இரவு தூங்காமல் கிடந்தாள்.
மிச்சமான இடத்தில் என்ன வைத்தாய் என்று கேட்டேன்.
பூஜ்யம், என்றாள். நாற்பது பூஜ்யம்.
யாருக்காவது தேவைப்படும்.

எண்பத்திரண்டு, ஜனவரி.
மினியாபொலிஸிலிருந்து வந்தவரின் ஷூவில்
சாலை உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
தோராவும் தம்பியும் ஏரிப் பனியில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருந்தார்கள். அந்தக் குடிலில் போன் இல்லை.
வந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார்.
பதினெட்டாயிரம், ஒரே தவணை.
எனக்குக் கடன் இருந்தது, கடைவாயில் வலி இருந்தது.
கூட்டாளி யார் வேண்டுமானாலும் போடலாம் என்று
பத்திரம் எழுதியவனும் நான்தான்.
கையெழுத்துப் போட்டேன்.
முதல் முறையிலேயே, பிசகில்லாமல்.

வாளியோடு வந்தாள். தாளைப் படித்தாள்.
மறுபடி படித்தாள்.
எத்தனை முறை என்று தெரியாது,
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"மீன் வேணுமா?" என்றாள்.

அதன்பின் இருபத்துமூன்று வருடம்
ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் வேலை.
ரத்தப் பரிசோதனை எண்கள் நேர்வரிசையில் அச்சாக வேண்டும்;
அச்சாயின.
அங்கே அவர்கள் அவள் எழுதியதற்குப் பெயர் மாற்றினார்கள்,
பெட்டியின் நிறம் மாற்றினார்கள்,
விளம்பரத்தில் டை கட்டிய மூவர் சிரித்தார்கள்.
பத்தை மட்டும் யாரும் தொடவில்லை.
சிகாகோவில் ஒரு கருத்தரங்கு. ஒருவர் விளக்கினார்:
ஆழ்ந்த புள்ளியியல் ஆய்வில் கிடைத்த உகந்த எண் அது.
கடைசி வரிசையில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

போன மார்ச்சில் காகித ஆலையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
கூழ் எடைபோடும் பழைய பெட்டியைக் கழற்றப் போகிறார்களாம்;
அதன் முதுகில் என் தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறதாம்.
போனேன்.
பச்சை எழுத்து, ஒரு கூர்க்குறி, காத்திருக்கும் கட்டம்.
பட்டியல் கேட்டேன். வட்டு கீறல் விழுந்தது.
டக். டக். விரல்விட்டு எண்ணினேன்.
ஏழாவதில் படித்துவிட்டது.

முற்றத்தில் நின்று அவளுக்கு போன் போட்டேன்.
எடுக்கவில்லை. மறுபடி.
நான்காவதில் எடுத்தாள்.
ஏழு, என்றேன். வேறு முன்னுரை தோன்றவில்லை.
கொஞ்சம் மௌனம்.
"கீழே உலர்த்தி ஏதும் ஓடுதா, வெண்டெல்?"
இல்லை.
"அப்போ வட்டுதான் போகுது. சீக்கிரம் நகல் எடு."

தோரா, அந்தக் கையெழுத்து, என்று தொடங்கினேன்.
வைத்துவிட்டிருந்தாள்.

அது ஒன்று.