இதர செலவுகள்

பி பத்தி என்னுடையது, நெரிங்கா என்று தலைப்பு.
பக்கத்தில் சி பத்தி, கெஸ்துதிஸ்.
இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு.
அதைத் தடிமனாக்கியது யாரென்று
இன்றுவரை இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஷவுலையில் நவம்பர் பிறந்துவிட்டால்
வெப்பக் கட்டணம் வாடகை தராத விருந்தாளியாய்
வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏப்ரல் வரை நகராது.
அதற்குப் பயந்துதான் இந்தத் தாளைத் திறந்தேன்.
சம்பளம், வீட்டுக் கடன், வெப்பம், உக்னேயின் வயலின் வகுப்பு.
வரிக்கும் ஒரு வரி ஒதுக்கினேன்.
அடியில் கூட்டல் சூத்திரம்.

அப்புறம் அது பெருகிற்று.
ஃப்ரீசரில் எத்தனை டப்பா காளான், எந்தக் காட்டில் பறித்தது.
பூனைக்குப் புழு மருந்து கொடுத்த தேதி.
போன கிறிஸ்துமஸுக்கு யாருக்கு என்ன தந்தோம்,
தந்தவர்களுக்கே அதே மெழுகுவர்த்தி திரும்பிப் போகாமலிருக்க.
உக்னேயின் காலணி அளவுக்கு ஒரு வரைபடம்;
அந்தக் கோடு இறங்கியதே இல்லை.

மூன்றாம் மாடி வாந்தா வந்து கேட்டாள்:
என் தக்காளி நாற்றுக்கும் ஒன்று போட்டுக் கொடேன்.
பதினான்கு ரகம். விதைத்தது, முளைத்தது, பெயர்த்து நட்டது.
முளைக்காதவற்றுக்கு நான் வைத்த தலைப்பை அழித்து
'வருத்தம்' என்று அவளே தட்டினாள், ஒற்றை விரலால்.

கெஸ்துதிஸ் லாரி ஓட்டுகிறான்.
மூன்று வாரம் சாலை, ஒரு வாரம் வீடு.
ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்யும் வழக்கமில்லை.
காபி, போஸ்னான், இரண்டு நாற்பது.
குளியல், ஹனோவர், மூன்று.
சூப், ரோட்டர்டாம், ஏழு, உப்பு அதிகம்.
உப்பை எந்தப் பத்தியில் கூட்டுவது?
ஆனாலும் விட்டுவைத்தேன்.

அக்டோபர் பதினெட்டில் சி 41.
இதர: அறுநூறு.
நூறைத் தாண்டினால் கட்டம் சிவக்க வேண்டுமென்று
விதி எழுதியவள் நான்தான். சிவந்தது.
போனில் கத்தினேன். அவனும் கத்தினான்,
பின்னால் ஏதோ நாட்டின் லாரிகள் ஹாரன் அடித்தன.
பதினோரு நாள் பேச்சு இல்லை.
காபி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது,
கீல், இரண்டு தொண்ணூறு.

பன்னிரண்டாம் இரவு வெப்பக் கட்டணத்தைப் பதியத் திறந்தேன்.
சி 41-ஐச் சுற்றி ஒரு பச்சைச் சட்டம்.
அவன் அங்கே இருந்தான்.
எதுவும் எழுதவில்லை, நகரவும் இல்லை.
நான் பி 41-க்குப் போய் நின்றேன்.
அவன் திரையில் நான் என்ன நிறமோ, தெரியாது.
பச்சை ஒரு கட்டம் கீழே இறங்கியது.
நானும் இறங்கினேன்.
காலியான இரண்டு கட்டங்களில்
சும்மா நின்றுகொண்டிருந்தோம்,
நள்ளிரவு தாண்டி, நாற்பத்திரண்டாம் வரியில்.

விளையாட்டாகத்தான் செய்தேன்:
சமக்குறி போட்டு அவன் கட்டத்தின் பெயரை எழுதினேன்.
நீ என்ன சொல்கிறாயோ அதுவே நானும்.
அவன் யோசிக்கவே இல்லை,
சமக்குறி போட்டு என் கட்டத்தின் பெயரை எழுதினான்.
தாள் குழம்பிப்போயிற்று.
இது அதைப் பார்க்கிறது, அது இதைப் பார்க்கிறது,
தொகை எங்கிருந்து வரும் என்று கேட்டது.
மாதத்தின் மொத்தக் கூட்டலும் பிழை என்று கவிழ்ந்தது.
அடுக்களையில் தனியாகச் சிரித்தேன், பூனை விழித்தது.

அப்போது பச்சை ஒரு வரி மேலேறி
'இதர'வை எழுத்தெழுத்தாய் அழித்தது.
'தம்பி. பல். முன்பல் மூன்று. யாருக்கும் சொல்லாதே என்றான்.'
கட்டம் போதாமல் வார்த்தைகள் அடுத்த பத்திக்குள் வழிந்தன.

பதில் எழுதவில்லை.
விளையாட்டுச் சூத்திரத்தை அழித்தேன்,
வெப்பம், நூற்றுப் பதினேழு என்று பதிந்தேன்,
கூட்டல் மறுபடி எழுந்து நின்றது.
பிறகு விதிக்குப் போனேன்.
நூறை எடுத்துவிட்டு
அறுநூறைத் தாண்டினால் மட்டும் சிவப்பு என்று மாற்றினேன்.
நூற்றுப் பதினேழும் வெளுத்தது, அது வேறு விஷயம்.
சரியாக அறுநூறு தாண்டியதாகாது.

காலையில் பார்த்தேன்:
காபி, வார்சா அருகே, இரண்டு அறுபது.
வீட்டுப் பக்கம்தான்.