சேர்ந்த தேதி

தில்லிபாபு வேலைக்குச் சேர்ந்தது
கள்ளிக்குப்பத்தில் கூழ் ஊற்றிய ஞாயிறுக்கு மறுநாள்.
என் கணினியில் அவன் சேர்ந்தது
அக்டோபர் இருபத்தெட்டு,
பிரஸ் அவன் விரல்மேல் இறங்கி
இருபது நிமிடம் கழித்து.

"இ.எஸ்.ஐ. நம்பர் போடும்மா, சீக்கிரம்" என்றார்
ஜோதிலிங்கம் சார்.
"இன்னிக்குக் காலைல ஜாயினிங்னு போடு."
தந்தை பெயர் கேட்டது.
வாரிசுதாரர் கேட்டது.
ஆளைக் கேட்க முடியாது,
பனியன் வேஸ்ட்டில் கையைச் சுற்றிக்கொண்டு
அம்பத்தூர் எஸ்டேட் மழையில்
அயனாவரத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தான்.
ஆதார் நகல் இருந்தது என் டிராயரில்,
மூன்று மாதமாக,
பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில்.

விபத்து எப்படி நேர்ந்தது என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
அதில் ஐஸ் குச்சி கொள்ளாது.

இரு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான்
நூறு டன் இறங்கும்.
நல்ல ஏற்பாடு.
எந்தக் கையால் தகட்டை எடுப்பது,
மணிக்கு நானூறு உருப்படி எப்படி வரும்
என்றுதான் யாரும் யோசித்திருக்கவில்லை.
ஆகவே வலது பொத்தானில் ஒரு குச்சி.
மாம்பழ ஐஸ். நுனியில் மஞ்சள் போகாமல் இருந்தது.
செருகியது யார் என்று யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும்.

"முதல் நாள் வேலை. தொழிலாளியின் கவனக்குறைவு."
கவனக்குறைவு, ஏழெழுத்து.
கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.
அதற்கு முன்னால் பெயிண்ட் வந்திருந்தது.
இரு கையும் வைத்து அவரே அழுத்திப் பார்த்தார்,
குழந்தை விளையாட்டுச் சாமானை அழுத்துவதுபோல்
கொஞ்சம் சந்தோஷமாக.
தரையில் ஒரு கறையைக் காட்டிக் கேட்டார்.
"கூலன்ட் சார்" என்றார் குணசீலன்.
வாசல் பலகையில் விபத்தில்லா நாட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதை மாற்றச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை.
பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது.
ஒரு பதில் போனது.
டைப் அடித்தது நான்தான்.

மெடிக்கல் போர்டு சொன்னது:
ஆள்காட்டி விரல், இரண்டு கணு, பதினொரு சதவீதம்.
"பதினொண்ணுன்னா மேடம், மாசம் எவ்ளோ வரும்?"
கால்குலேட்டரில் தட்டினேன்.
ஒரு சிலிண்டர், மேற்கொண்டு கொஞ்சம் தக்காளி.
அதைச் சொல்லவில்லை, ரூபாயாகச் சொன்னேன்.
"பரவால்ல" என்றான்.
அந்தப் பரவாயில்லையை இன்றுவரை
எந்த ஃபைலில் சேர்ப்பதென்று தெரியவில்லை எனக்கு.

பொங்கல் முடிந்து திரும்பி வந்தான்.
கேட்டில் வருகை மெஷின்மேல்
பழக்கத்தில் வலது கையை நீட்டினான்.
இல்லாத விரலைத் தேடி
பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் துழாவியது.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன் என்றாள் உள்ளே இருக்கிறவள்.
மறுபடி வைத்தான்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
வரிசையில் நின்றவர்கள்
அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"பழசை அழிச்சிட்டு வேற விரல் ஏத்திவிடு"
என்று மாடியிலிருந்து போன்.
பழசைத் திறந்தேன்.
ஜூலையிலிருந்து வரிசையாக வந்தது,
எட்டு இருபத்தாறு, எட்டு இருபத்தெட்டு,
ஆவணி முகூர்த்தமொன்றில் மட்டும் எட்டு நாற்பது.
கணினி அறியாத மூன்று மாதத்தையும்
அந்த விரல் தினம் இரண்டு முறை
சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

அழிக்கவா என்று திரை கேட்டது.
பிரிண்டருக்கு அனுப்பினேன்.
நான்கு தாள். மை மங்கல்.

இடது கையால் வாங்கி
ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தான்,
உதடசைய, ஒவ்வொரு நாளாக.
"உள்ள வந்தது எழுபத்தொம்போது இருக்கு மேடம்.
வெளிய போனது எழுபத்தெட்டுதான்."

ஆமாம் என்றேன்.
திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.