கச்சான் துப்பறிகிறான்: எட்டாம் புத்தகம்

ஏழு புத்தகங்களிலும்
ஒருவரும் சாகவில்லை.
பதிப்பாளர் மோகனதாசன் கெஞ்சிப் பார்த்தார்:
ஒரேயொரு பிணம், சின்னதாய்,
நூறாம் பக்கத்துக்குள்.
மாட்டேன் என்றுவிட்டேன்.
என் ஊரில் அதற்கு எழுத்தாளர் தேவைப்படவில்லை.

மடத்தடிச் சந்தியில் மணிக்கூட்டு முள்ளைக் கழற்றியவன்,
நிலாவெளி பஸ்ஸில் ஒற்றைச் செருப்பை விட்டுப்போனவள்,
கூட்டுறவுக் கடைத் தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டிய மனேஜர்,
எல்லாரையும் பிடித்தவன் கச்சான்.
வறுத்த கச்சான் நிறத்தில் ஒரு கடுவன்.
அதே பெயருள்ள காற்றைப்போல
கூப்பிடாத வீட்டுக்குள்ளும் போய்வருவான்.
கதையில் அவனுக்குப் பதினெட்டுத் தடயம் நினைவிருக்கும்.
வீட்டிலோ
தன் சாப்பாட்டுக் கோப்பை எங்கே என்று
காலைதோறும் என்னைத்தான் விசாரிப்பான்.

ஆனியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் ஆக்னேசம்மா வந்தா.
கக்கத்தில் ஆறாம் புத்தகம்.
"உம்மட பூனையிட்ட ஒரு கேஸ் குடுக்கலாமோ?"

வெள்ளிதோறும் விடியமுதல்
அவவின் மதிலில் ஒரு சொப்பிங் பை.
உள்ளே மீன்.
சூடை, சிலவேளை கும்பிளா,
ஒரு நத்தாருக்கு முழுப் பாரை.
பதினொரு வருசமாய்.
வைக்கிறது ஆர்?

களவுபோனதைத் தேடித்தான் எனக்குப் பழக்கம்.
வந்துசேர்ந்ததை
எந்த முனையிலிருந்து தேடுவது?

வெள்ளி, நாலு மணி.
கோட்டைப் பக்கம் மான்கள் தெருவோரம் படுத்திருந்தன,
எல்லாம் பார்த்துவிட்டு
"நாங்கள் வெளியூர்" என்கிற முகத்தோடு.
கச்சான் மோப்பம் பிடிக்கவில்லை,
நின்று யோசிக்கவில்லை,
திருக்கடலூர் மணலில் நேரே நடந்தான்,
சம்பளத்துக்குப் போகிறவன்போல.
கவிழ்த்த வள்ளங்களுக்குப் பின்னால்
இன்னாசி அண்ணை வலை உதறிக்கொண்டிருந்தார்.
"வா ராசா" என்று ஒரு சூடையைப் போட்டார்.
வெள்ளிக்கிழமைகளில் அவன் பிந்துவதை
இத்தனை நாளும் நான்
காதல் என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கண்டதும்
பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.
பிறகு, ஒளித்துப் பலனில்லை என்று, முன்னால் வைத்தார்.
"தொண்ணூறில ஓடேக்க
எஞ்சினை என்னட்டத்தான் தந்திட்டுப் போனவ.
எட்டுக் குதிரை."
மீதியை வலைக்குச் சொன்னார்.

கடைசி அத்தியாயத்துக்கு என்னிடம் ஒரு முறை உண்டு:
எல்லாரும் ஒரு விறாந்தையில் கூடுவார்கள்,
கச்சான் ஒவ்வொரு காலாய்க் கடந்துபோய்
ஒரு காலடியில் குந்துவான்.
இந்தமுறை ஒருத்தியின் குசினிக்குப் போனேன்.
பேரைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஆக்னேசம்மா செதிள் வழித்த கத்தியை உயர்த்தினா.

"இன்னாசி எண்டு எனக்குத் தெரியாதே?
முதல் கிழமையே தெரியும்.
பையின்ர முடிச்சைப் பாரும்,
இடக்கைக்காரன்ர முடிச்சு."

பிறகு ஏன் கேஸ்?

"மாசிக்குப் பிறகு முடிச்சு இறுகுதில்லை.
ரெண்டுதரம் அவிண்டு மீன் மண்ணில.
நேர போய்க் கேட்டால்
வைக்கிறதை விட்டிடுவான்.
நீர் பாத்தனீர்தானே,
கை நடுங்குதோ?"

நான் முகத்தைப் பார்த்திருந்தேன்.
குற்றவாளியின் முகத்தை.
கையைப் பார்த்தவன் கச்சான்.
அவனோ தண்ணீர்க் குழாயடியில்
குடலுக்குக் காவல் இருந்தான்.

ஆக்னேசம்மா கை கழுவினா.
அலுமாரியின் மேல்தட்டிலிருந்து
நோவெண்ணெய்ப் போத்தல் ஒன்றை இறக்கி
லேபிளை நகத்தால் உரித்தா.
"அடுத்த வெள்ளி, அவன் கடலால வரமுதல்
வள்ளத்தில வைச்சிட்டு வாரும்.
ஆரெண்டு தெரியக்கூடாது."

போத்தலைச் சொப்பிங் பைக்குள் போட்டு
வலக்கையால்
இறுக்கி முடிந்தா.