முதுகில் காற்று, முகத்தில் சூடு

பாடாங் கோத்தாவில் காற்று
கடலிலிருந்து வந்து என் முதுகில் மோதுகிறது.
என்னைத் தாண்டிப் போய்
சாத்தே அடுப்பின் புகையைச் சுருட்டி
எதிரே நிற்கும் கார்கள்மேல் கொட்டுகிறது.
ஓர் இழைப் புகைகூட என் பக்கம் வரவில்லை.
பிறகு ஏன் என் முகம் காய்கிறது?

கையில் இருபத்தேழாம் எண்.
அங்கே ஓடுவது பதினெட்டு.
ஒன்பது பேர் சாப்பிடும்வரை பசியைத் தள்ளிப்போட
இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

அடுப்பை நான் தொடவில்லை.
ஆக, கடத்தல் இல்லை.
சூடேறிய காற்று மேலே எழும்புகிறது,
எழும்பும்போதே கடல்காற்று அதைக்
கார்ப்பக்கம் இழுத்துப்போகிறது.
சலனமும் இல்லை.
மிச்சம் ஒன்று.
நாளைய தேர்வில் அதற்கு மூன்று மதிப்பெண்.
பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயர் சினாரான்,
டியூஷனில் கதிர்வீச்சு.
ஹேமரூபன் பெயரெல்லாம் சொல்லவில்லை.
தன் ஐஸ் கச்சாங் கிண்ணத்தை
எனக்குப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

அவன் கோப்பு அட்டையைப் பிடுங்கி
முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.
சூடு நின்றது.
எடுத்தேன், வந்தது.
பிடித்தேன், நின்றது.
விளக்கை மறைத்தால் நிழல் விழுமே,
அப்படி என் கன்னத்தில்
சூட்டின் நிழல்.

வெளிச்சம் வருகிற மாதிரியேதான் வருகிறது,
கண்ணுக்கு மட்டும் தன்னைக் காட்டாமல்.
யார் தோளிலும் ஏறி வரவில்லை.
சூரியனுக்கும் பினாங்குக்கும் நடுவில்
தூக்கிவரக் காற்றா இருக்கிறது?

போன சனிக்கிழமை
மாமாக் கடையில் இரண்டு பால் டின் கேட்டு வாங்கினோம்.
தாளை உரித்துக் கழுவினால் இரண்டும் கண்ணாடி.
ஒன்றை மட்டும் மெழுகுவத்திப் புகையில் காட்டிக்
கரி பிடிக்க வைத்தோம்
(ஹேமரூபனின் சட்டைக்கும் அதே நிறம்).
குழாய்த் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தபோது
கறுப்புதான் முந்தியது.
ஜெலுத்தோங் வெயிலில் நிறுத்திய
மோட்டார்சைக்கிள் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு
இந்தச் சோதனை தேவையே இல்லை.

இருட்டியதும் கொதிநீர் ஊற்றினோம்.
"கறுப்பு டின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்"
என்று முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டேன்.
பேனாவால்.
கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால்
கறுப்பு நான்கு பாகை கூடுதலாக ஆறியிருந்தது.
வெப்பமானியைச் சந்தேகப்பட்டோம்,
மின்விசிறியைச் சந்தேகப்பட்டோம்,
மூடியை, ஒருவரை ஒருவர்.
மறுபடி கொதிக்க வைத்தோம்.
மறுபடியும் கறுப்புதான் முதலில் ஆறியது.

எழுதியதை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன்:
வேகமாக வாங்குவது வேகமாகவே கொடுக்கிறது.
பளபளப்பு இரண்டிலும் கஞ்சம்.

இருபத்து நான்கு. இருபத்தைந்து.
இப்போதுதான் கவனிக்கிறேன்,
விசிறிக்கொண்டு நிற்கும் ஜம்ரி
தன் வயிற்றுக்கும் தணலுக்கும் நடுவில்
ஒரு பிஸ்கட் டின் மூடியைச் சாய்த்து வைத்திருக்கிறார்.
சுற்றிலும் எல்லாம் எண்ணெயும் கரியும்.
அது ஒன்று மட்டும்
இன்று காலைதான் தேய்த்ததுபோல் மின்னுகிறது.

"டுவா புலு துஜு!"

எழுந்து போனேன்.
தட்டை வாங்க அடுப்பை நெருங்க நெருங்க
முகம் சுளிக்கிறது,
முதுகு இன்னும் குளிர்கிறது.
மூன்று மதிப்பெண்ணுக்கு
இதில் எதை எழுத, எதை விட?