படம் 4.7

தார்த்து நகரில் பிப்ரவரி.
பல்கலைக்கழக அச்சகத்தின் இரண்டாம் மாடியில்
ஹீட்டர் மட்டும் முணுமுணுக்கிறது.
க்யுல்லிக்கி அனுப்பிய வரைபடத்தை
மாரிகா பெரிதாக்கிப் பார்க்கிறாள்:
ஒரு சதுப்பு நிலத்தின் நீர்மட்டம், பதினோரு மாதம்.
நானூறு விழுக்காட்டில்
கோடு படிக்கட்டாகிவிடுகிறது.
சாம்பல், வெளிர்சாம்பல், அழுக்கு வெள்ளை.
தண்ணீர் இப்படியா ஏறும்,
செங்கல் செங்கலாக?

"நீ அனுப்பியது புள்ளிக் குவியல்.
எனக்குக் கோடு வேண்டும்."
"இரண்டும் ஒன்றுதானே?" என்கிறது தொலைபேசி.
"இல்லை.
எங்கே தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்று
தெரிந்து வைத்திருப்பதுதான் கோடு.
வட்டத்துக்கு மூன்றே எண் போதும்.
சுவர் அளவு பெரிதாக்கினாலும் அது வட்டம்."

மறுநாள் வந்தது வெக்டர் கோப்பு,
கூடவே வம்பும்.
சதுப்பு நிலத்தின் பெயரில்
ஓவின் தலைமேல் ஓர் அலைக்குறி உண்டு.
அதைக் காணோம், ஓவையும் காணோம்,
அங்கே ஒரு காலிப் பெட்டி.
தண்ணீரைப் பற்றிய படம்,
போயும் போயும் அலையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது.
எழுத்துருவையும் உள்ளே பொதிந்து அனுப்பச் சொன்னாள்.

மூன்றாவது கோப்பில் அலை திரும்பியிருந்தது.
கைக்குட்டை அளவு படத்தைச் சுற்றி
போர்வை அளவு வெள்ளை.
ஓரங்களை வெட்டினாள்.
வெட்டியதும் அது தன் பத்தியை விட்டு ஓடி
நூற்பட்டியலுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது,
பந்தி மாறி வந்த விருந்தாளியாய்.
எண் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு கேள்விக்குறிகள்.
ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.
கேள்விகள் அடங்கி, 4.7.

கடைசிச் சோதனை, வழக்கம்போல்:
ஆறாயிரத்து நானூறு விழுக்காடு.
போன வருட ஜனவரி, பத்தொன்பதாம் தேதி.
அங்கே கோடு கோடியிருந்தது.
சின்னப் பள்ளம்,
விழுந்து, இருபது நிமிடம் கிடந்து, எழுந்திருக்கிறது.
முதல் படத்தில் இது
ஏதோ ஒரு சாம்பல் சதுரத்துக்குள் உறங்கியிருக்கும்.

தொலைபேசியில் வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு:
"குழாயில் பனி இறுகியிருந்தது.
இரண்டு விரற்கடை தூக்கிப் பிடித்துச் சுரண்டினேன்.
கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.
அப்புறம் குறிப்பேட்டில் எழுத
விரல் மடங்கவில்லை.
மறந்தே போனேன், மாரிகா."

"இரண்டு பிடிகளை இழுத்தால் சமமாகிவிடும்,"
என்று சொல்லிவிட்டு
ஏன் சொன்னோம் என்று நினைத்தாள்.

"தொடாதே."

எட்டுப் புள்ளி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
ஜனவரி 19, 14:10 முதல் 14:30 வரை
உணர்கருவி நான்கு செ.மீ. உயர்த்தப்பட்டிருந்தது.
யார் உயர்த்தினார், எவ்வளவு குளிர்,
அதில் இல்லை.

ஒரு வரி கூடிவிட்டதில்
படம் மெல்ல நழுவி
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
கிளம்புவதற்காக மாட்டிய கோட்டைக் கழற்றாமலே
மாரிகா மறுபடி உட்காருகிறாள்.