கல்வெட்டில் ஒரு பக்கம் மிச்சம்

சுன்னாகத்து அச்சகத்தில்
பாட்டெல்லாம் முதலே எழுதி வைத்திருக்கிறார்கள்.
எட்டு வெண்பா.
பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு.
"கந்தவனம் சோதிலிங்கம் எண்டு முழுசாப் போட்டால்
தளை தட்டும் அக்கா,
சோதி எண்டு மட்டும் போடுவமோ?" என்கிறான்
கணினிக்கு முன்னால் இருக்கும் பெடியன்.

வேண்டாம் என்றேன்.
அப்பா ஒருநாளும் பாதிப் பெயர் எழுதினவரல்ல.
ஆடு தொலைந்ததென்று வந்தவளிடமும்
தகப்பன் பெயர், காணிப் பெயர்,
ஆட்டின் காதில் இருந்த வெட்டு
எல்லாம் கேட்டுத்தான் எழுதுவார்.
ஸ்டேசனில் எழுதுவது சிங்களத்தில்.
கையெழுத்து வாங்கமுதல் பேனையை மூடி வைத்துவிட்டு
முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுவார்:
"இதிலை உன்ரை சொல் இல்லாத சொல் இருந்தால்
இப்பவே சொல்லு."
பின்னால் வரிசை முணுமுணுக்கும்.
அவருக்குக் கேளாது.

வீட்டுக்கு வேறொரு கொப்பி.
அதில் தமிழ்.
"0540. மகள் பிறந்தாள். ஆறு இறாத்தல். தாய் சுகம். வெளியே மழை."
அது நான்.
"1715. மூத்தவன் மதிலால் விழுந்தான். அழவில்லை என்கிறான். அழுதான்."
"2000. இராசமலரோடு வாக்குவாதம். பிழை என்னுடையது."
வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை.
அந்தப் பக்கத்தை விரித்தபடி
மேசையில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போவார்.
அம்மா வாசித்துவிட்டு
மற்ற பெல்ட்டின் கொளுவியைப்
புளி போட்டு மினுக்குவாள்.

எண்பத்துமூன்றுக்குப் பிறகு
காக்கியைச் சாரத்தில் சுற்றி
வெங்காயப் பைக்குள் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோனார்.
அச்சுவேலிச் சந்தியில் மதிலோரம் நின்றவர்களும்
ஜீப்பில் வந்தவர்களும்
அவரை மற்றப் பக்கத்து ஆள் என்றார்கள்.
அந்த வருசம்
ஆணியைச் சுடவைத்து அம்மா
பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட்டாள்.

"முன்னட்டைக்கு யூனிபோம் படம் வேண்டாம்,
சனம் என்ன கதைக்கும்?"
கனடாவிலிருந்து அண்ணன்.
மதிலால் விழுந்தவன்.
கலியாண வீட்டுப் படமொன்றை அனுப்பியிருக்கிறான்.
அதில் அப்பா யாரோ ஒருவரின் கோட்டுக்குள்
மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பக்கத்து வளவு மங்களேஸ் மாமி
கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவு:
"சோதியண்ணை, கோணேசைக் கொண்டு போட்டாங்கள்."
அன்றைக்கு ஒளிக்கவில்லை.
காக்கியைப் போட்டுக்கொண்டே ஏறிப்போனார்.
விடிய, தனியே வந்தார்.
கிணற்றடியில் வாளியை நிரப்பிவிட்டுக்
குளிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வெயில் வாளிக்குள் இறங்கும்வரை.

கொப்பியில் அந்தப் பக்கத்தில்
0210 என்று மட்டும்.
பக்கத்தில் ஒரு பொட்டு.
பேனையை ஊன்றியபடி இருந்திருக்கிறார்,
மை ஊறி
அடுத்த தாளையும் பிடித்திருக்கிறது.
உள்ளே போனாரா, கெஞ்சினாரா,
வாசலிலேயே நிறுத்திவிட்டார்களா,
எனக்குத் தெரியாது.
தெரிந்தாலும் அம்மா சொல்லமாட்டாள்.

செத்தவீட்டுக்கு மாமி வந்தாள்.
நாற்பது வருசத்தில் முதற்தரம்
எங்கள் கேற்றில் அவளின் கை.
அழவில்லை.
தலைமாட்டில் இருந்து
அவரின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.
கொஞ்சம் இருந்து,
வெக்கையென்று நினைத்தாளோ,
திரும்பக் கழற்றிவிட்டாள்.

இன்று பெடியன் போன் எடுக்கிறான்:
"அக்கா, பதினாறிலை ஒரு பக்கம் மிச்சமா வருது.
நல்லூரான்ரை படம் போடட்டோ,
இல்லாட்டி நன்றி நவிலலைப் பெரிசாக்கட்டோ?"

வெறுமனே விடு தம்பி.
மேலே ஒரு நேரம் மட்டும் போடு.

சொன்னேன்.
எழுதிக்கொண்டு கேட்கிறான்:
"ஐயா மோசம் போன நேரமோ அக்கா?"